டைட்டானியப் பல் உள்வைப்பில் ஈறு இணைவு

டைட்டானியப் பல் உள்வைப்பில் ஈறு இணைவு என்பது, தாடை எலும்பில் பொருத்தப்படும் டைட்டானியத் திருகைச் சுற்றி ஈறு இறுகப் பற்றி, வாயிலுள்ள பாக்டீரியாக்கள் எலும்பை அடையாமல் தடுப்பதைக் குறிக்கும். இம்பிளான்ட் என வழக்கில் அழைக்கப்படும் உள்வைப்பு, எலும்புடன் உறுதியாக இணைகிறது. ஈறுடன் அந்த அளவுக்கு இணைவதில்லை. இக்குறையைப் போக்கப் பல முறைகள் ஆராயப்பட்டு வருகின்றன.

பின்னணி

சுவீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க், 1950களில் முயல்களின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவி எலும்போடு ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965இல் மனிதருக்கு டைட்டானியப் பல் உள்வைப்புகளைப் பொருத்தினார். எலும்பும் உலோகமும் இவ்வாறு ஒன்றுவது எலும்பிணைவு எனப்படும். எனினும் உள்வைப்பு நிலைக்க எலும்பிணைவு மட்டும் போதாது. பல்லைத் தாங்கும் பகுதி ஈறைத் துளைத்து வாய்க்குள் நீள்வதால், அந்த இடத்தில் நல்ல அடைப்பும் தேவை.

இயற்கைப் பல்லிலிருந்து வேறுபாடு

இயற்கைப் பல்லின் வேரைச் சிமென்டம் என்னும் கடினத் திசு மூடியிருக்கும். ஈறிலுள்ள கொலாஜன் நார்கள் அதனுள் புதைந்து, வேருக்கு ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும். டைட்டானியத்தில் சிமென்டம் இல்லை. எனவே நார்கள் பெரும்பாலும் உலோகத்துக்கு இணையாகவோ அதைச் சுற்றி வளையமாகவோ அமைகின்றன. சுவரில் அறைந்த ஆணிக்கும் சுவரில் சாய்த்துவைத்த கம்பிக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. வேரைச் சுற்றியுள்ள பல்சூழ் தசைநார் இங்கு இல்லாததால், அதன் வழியாக ஈறுக்கு வரும் இரத்த ஓட்டமும் கிடைப்பதில்லை.

அடைப்பு பலவீனமாக உள்ள இடத்தில் பற்படலம் சேர்ந்தால் முதலில் ஈறு அழற்சி உண்டாகும். இந்நிலையில் சுத்தம் செய்தால் குணமாகும். அழற்சி எலும்பு வரை பரவினால் பெரி-இம்பிளான்டைட்டிஸ் என்னும் நோயாகிறது. இது பெரும்பாலும் வலியின்றியே எலும்பைக் கரைத்து, இறுதியில் உள்வைப்பையே இழக்கச் செய்யலாம்.

மேற்பரப்பை மாற்றும் முறைகள்

உள்வைப்பின் மேற்பரப்பை முதலில் பிடிப்பது உடலின் செல்களா, பாக்டீரியாக்களா என்பதை ஒரு பந்தயமாக அந்தோணி கிரிஸ்டினா 1987இல் விளக்கினார். சொரசொரப்பான பரப்பு எலும்புக்கு உதவும். ஆனால் ஈறுப் பகுதியில் அதுவே பற்படலத்துக்கும் இடம் தரும். சராசரி சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் பற்படலம் அதிகமாகச் சேர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

* லேசர் நுண்பள்ளங்கள்: சுமார் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் அளவுள்ள பள்ளங்கள் செல்களை வரிசைப்படுத்துகின்றன. சில திசு ஆய்வுகளில் நார்கள் இவற்றில் செங்குத்தாக இணைந்திருந்தன.
* புறஊதா ஒளி, பிளாஸ்மா: காற்றிலிருந்து டைட்டானியத்தில் படியும் கார்பன் சேர்மங்களை இவை நீக்குகின்றன. நீர் எளிதில் பரவும் பரப்பில் செல்கள் விரைவாக ஒட்டுகின்றன. நாளடைவில் இவ்விளைவு குறைவதால், பொருத்துவதற்குச் சற்று முன்பே இதைச் செய்வது நல்லது.
* புரதப் பூச்சு: ஈறின் மேல்திசு பல்லைப் பற்ற உதவும் லாமினின் போன்ற புரதங்களின் பகுதிகளைப் பூசும் முறை. இது பெரும்பாலும் ஆய்வக, விலங்கு ஆய்வு நிலையில் உள்ளது.

சிகிச்சை முறைகளும் பராமரிப்பும்

உள்வைப்பையும் செயற்கைப் பல்லையும் இணைக்கும் துண்டு அபட்மென்ட் எனப்படும். அதை அடிக்கடி கழற்றிப் பூட்டினால் உருவாகிவரும் இணைவு கிழியும். ஆகவே நிரந்தரத் துண்டை முதலிலேயே பொருத்துவதும் உண்டு. ஈறு மெல்லியதாக இருந்தால் மேலண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டப்படுகிறது. செயற்கைப் பல்லை ஒட்டும் சிமென்ட் ஈறுக்கடியில் தங்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இயற்கை வேரின் பிடிப்பை முழுமையாகத் தரும் மேற்பரப்பு இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. ஆகையால் தினமும் உள்வைப்பைச் சுற்றித் தூய்மை செய்தல், புகைபிடிப்பதைத் தவிர்த்தல், வலி இல்லாவிட்டாலும் முறையாகப் பரிசோதனைக்குச் செல்லுதல் ஆகியவை இன்றியமையாதவை. ஈறில் இரத்தக் கசிவு தெரிந்தால் தாமதிக்காமல் பல் மருத்துவரை அணுக வேண்டும்.