மெழுகும் தார் வீதியும்

பனங்கட்டி காய்ச்சுவோர் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு. கொதிக்கும் பாகு குட்டான்களில் எளிதில் ஓடி நிரம்பும். சூடு தணிந்துவிட்டாலோ அகப்பையை விட்டு இறங்க மறுக்கும். தார் வீதி அமைப்போரின் பாடும் ஏறத்தாழ இதுவே.

கோப்பாயை ஊடறுத்துப் பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியையும், நீரேரியைக் கடந்து கைதடிக்குச் செல்லும் வீதியையும் இரு பருவங்கள் சோதிக்கின்றன. சித்திரை வெயிலில் கரிய வீதிப்பரப்பின் வெப்பம் 60 பாகை செல்சியசை எட்டக்கூடும். இளகிய அப்பரப்பில் பாரவண்டிகளின் சில்லுகள் தடம் பதிக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அத்தடங்களில் மழைநீர் தேங்கி, வெடிப்புகளின் வழியே இறங்கிக் கல்லையும் தாரையும் பிரிக்கிறது.

இன்று நாம் தார் என்று வழங்குவது பெரும்பாலும் பிற்றுமின் ஆகும். மசகெண்ணெயை வடித்தெடுத்தபின் எஞ்சும் பொருள் அது. கல்லின்மேல் அது சீராகப் படிய, கலவையை ஏறத்தாழ 150 முதல் 170 பாகை வரை சூடாக்குவது வழக்கம். எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். எழும் புகையைத் தொழிலாளர் சுவாசிப்பர். வீதி அமைக்கும்போது எழும் பிற்றுமின் புகை புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2011இல் வகைப்படுத்தியது.

சூட்டைக் குறைத்தும் கலவையை இளக்கமாக வைத்திருக்க வழி உண்டா? அதற்கு விடையாக வந்தவற்றுள் ஒன்று மெழுகு. இது வியப்புக்குரியதே. மசகெண்ணெயில் இயற்கையாகவுள்ள மெழுகைப் பொறியியலாளர் நெடுங்காலம் பிற்றுமினின் பகையாகவே கருதினர். மெழுகுதிரிக்குரிய பரபின் மெழுகு 50 முதல் 70 பாகைக்குள் உருகிவிடும். வீதியின் வெயிற் சூடே அதை இளக்கப் போதுமானது.

எனவே, எந்த மெழுகு என்பதே கேள்வி. 1920களில் செருமனியில் பிசர், துரொப்சு என்னும் இரு அறிஞர் கண்ட முறையால், நிலக்கரியிலிருந்து பெறும் வாயுவைக் கொண்டு நீண்ட மூலக்கூறுகளையுடைய மெழுகை ஆக்கலாம். அது உருகுவது ஏறத்தாழ 100 பாகையில். தென்னாபிரிக்காவில் ஆக்கப்படும் சசோபிட் இவ்வகையினது. 1990களின் பிற்பகுதியில் செருமானிய வீதிகளில் பயன்பட்டது. பிற்றுமினின் நிறையில் நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு சேர்த்தால் போதும். சூட்டில் அது கரைந்து பிற்றுமினை இளக்குவதால், கலவைச் சூட்டை 20 முதல் 30 பாகை வரை குறைக்கலாம். ஆறியதும் நுண்பளிங்குகளாக உறைந்து, பிற்றுமினுக்குள் வலைபோல் நின்று, சில்லுத்தடம் விழாமல் காக்கிறது. காய்ச்சும்போது இளக்கம், வெயிலில் உறுதி: இரண்டையும் தருவது ஒரே பொருள்.

தொலைவிலுள்ள ஆலையிலிருந்து கலவை வரும் இடங்களில், உருளை ஓடும் முன் அது இறுகிவிடாமலிருப்பதும் ஒரு நன்மை. கடுங்குளிரில் இம்மெழுகு வீதியை விறைக்கச் செய்து வெடிக்க வைக்கலாம். யாழ்ப்பாணத்தில் அக்கவலை இல்லை.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். சூடு குறைந்தால் கல்லின் ஈரம் முற்றாக உலராமற் போகலாம். ஈரக் கல்லில் பிற்றுமின் பற்றாது. கல்லை நன்கு உலர்த்துவதும், நீர்த்த சுண்ணாம்பு போன்ற பற்றுதற் பொருளைச் சேர்ப்பதும் அவசியம். இந்தியாவில் ரோட்ஸ் காங்கிரஸ் இத்தகைய மிதசூட்டுக் கலவைகளுக்கு 2014இல் இடைக்கால வழிகாட்டி வெளியிட்டது.

வடிகாலற்ற வீதியை எந்த மெழுகும் காப்பாற்றாது. நீர் வழிந்தோட இடம் அமைத்து, கல்லை உலர்த்தி, உருகுநிலை அறிந்து மெழுகைத் தேர்ந்தால், சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை மழைக்கும் வீதி ஈடுகொடுக்கும். அதை அமைப்போரும் குறைந்த புகையில் மூச்செடுப்பர்.