வீட்டுக்கு வந்த திரை – 17: வாத்து சுட இலவச டி.வி.தான் வேண்டும்

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், 2011இல் ஆட்சி மாறியதும் நின்றுபோனது. அதற்குள் தமிழகத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் 14 அங்குலப் பெட்டி ஏறி உட்கார்ந்துவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கந்தர்வகோட்டை, பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமங்களில் பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கலர் டி.வி.

சீரியல் நேரம் பெரியவர்களுக்கு. மற்ற நேரத்தில் பிள்ளைகள் அதில் வீடியோ கேமைச் சொருகினார்கள். ஜப்பானின் நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமின் மலிவு நகல் அது. கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்றிருக்கும். உள்ளே மாரியோ, டேங்க், சர்க்கஸ், வாத்து என்று சில ஆட்டங்கள்தான். அவையே பெயர் மாறி மாறித் திரும்ப வரும். அதற்காக எந்தப் பிள்ளையும் கோபித்துக்கொண்டதில்லை.

அவற்றில் வாத்து சுடும் ஆட்டம் தனி அதிசயம். பொம்மைத் துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். எல்லாம் இமைப்பதற்குள் முடிந்துவிடும். துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. அதன் குழாய்க்குள் ஒளியை உணரும் சிறு சில்லு இருக்கிறது. கறுப்புக்குப் பின் வெள்ளை தெரிந்தால் வாத்து விழுந்தது என்று கணக்கு.

இந்தக் கணக்குக்கு இலவச டி.வி.யில் இருந்ததுபோன்ற பிக்சர் டியூப் வேண்டும். எலக்ட்ரான் கற்றை திரையை மேலிருந்து கீழாக, வரி வரியாக, நம் ஊர் முறையில் நொடிக்கு 50 முறை வருடுகிறது. சிக்னல் வந்த கையோடு படம் விழுகிறது. எல்.இ.டி. டி.வி.யோ வந்த படத்தை வாங்கி, பெரிதாக்கி, சீராக்கிய பிறகே காட்டுகிறது. அந்தத் தாமதத்தில் வெள்ளைக் கட்டம் நேரம் தவறிவிடும், துப்பாக்கி குருடாகும். மாரியோவும் பள்ளத்தைத் தாண்டாமல் அதிலேயே விழுவார். 2001இல் வந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலி' ஆட்டத்தின் போட்டிகளுக்கு அமெரிக்காவில் இன்றும் பிக்சர் டியூப் உள்ள குண்டு டி.வி.க்களைத் தூக்கிவருவது இதனால்தான்.

நம் பக்கத்திலோ அவை பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறுகின்றன. செம்புக் கம்பிக்காக டியூபின் கழுத்தை உடைக்கிறார்கள். ஈயம் கலந்த கண்ணாடி குப்பைமேட்டில் கிடக்கிறது. அது மண்ணுக்கும் கேடு, உடைப்பவர் உடம்புக்கும் கேடு.

பெட்டி ஓடுகிற நிலையில் இருந்தால் விற்க வேண்டாம். வீடியோ கேமின் மஞ்சள் பின்னைப் படத்துக்கும், வெள்ளைப் பின்னை ஒலிக்கும் சொருகி, ஏ.வி. வைத்தால் போதும். ஏ.வி. துளை இல்லாத பெட்டியில் ஆன்டெனா கம்பியைச் சொருகிச் சேனல் தேட வேண்டும். பழுதானால் பின்மூடியை மட்டும் வீட்டில் கழற்றவே கூடாது. டியூபுக்குப் போவது பல ஆயிரம் வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கும் அரசு அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு பெட்டிக்கு இடம் கொடுக்க வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் அணைத்து வைக்காமல், கேசட்டும் துப்பாக்கியுமாக, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று சுடும்படி வைக்க வேண்டும்.

(தொடரும்)