புது பில்டர் போட்ட பிறகு ட்ரக் ஏன் ஸ்டார்ட் ஆகுதில்லை?

போன எபிசோட்டில் சேர்வர் ரீஸ்டார்ட் பற்றிக் கதைச்சோம். இந்தக் கிழமை சேர்வர் இல்லை, டீசல் ட்ரக். காரணம் என்ர சித்தப்பா.

ஜனவரி, ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு அவர் போன் எடுத்தார். "தம்பி, நீ கொம்பியூட்டர் படிச்சனீதானே, ட்ரக் ஸ்டார்ட் ஆகுதில்லை. ஒருக்கா வாறியே?" சொந்த ட்ரக். விடிய 5 மணிக்கு மிசிசாகாவில் லோட் ஏத்த வேணும். ஏத்தாட்டி அந்தக் கிழமை உழைப்புப் போச்சு, தவணைக் காசு மட்டும் நிக்காது. கொம்பியூட்டர் படிப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேக்காதேங்கோ. எங்கட வீடுகளில பிரிண்டர், டிவி, ட்ரக் எல்லாம் ஒரே டிபார்ட்மெண்ட்தான்.

டெனசியில் அடிச்ச டீசலோட வடக்க வந்திருக்கிறார். தெற்கில விக்கிற டீசல் எங்கட குளிருக்கெண்டு கலந்ததில்லை. குளிர்ந்தா அதுக்குள்ள இருக்கிற மெழுகு பிரிஞ்சு, முதலில பில்டரைத்தான் அடைக்கும். மனுசன் மெழுகை இளக்கிற மருந்தை டாங்கில ஊத்தி, இரண்டு பில்டரையும் தானே மாத்தினார். அதுவரைக்கும் சரி. பிறகு சாவியைத் திருப்பினார், திருப்பினார், பற்றரி சாகுமட்டும் திருப்பினார்.

புது பில்டருக்குள்ள இருக்கிறது டீசல் இல்லை, காற்று. அதுதான் முழுப் பிரச்சினையும்.

பெற்றோல் காரில பம்ப் டாங்குக்குள்ளயே இருந்து எண்ணெயைத் தள்ளும். பெரும்பாலான ட்ரக்குகளில பம்ப் எஞ்சினில பூட்டியிருக்கும். அது முதல் பில்டருக்குள்ளால டீசலை உறிஞ்சி, இரண்டாவது பில்டருக்குள்ளால உயரழுத்த பம்புக்கு அனுப்பும். திரவத்தை உறிஞ்ச அதுக்கு நல்லாத் தெரியும், காற்றை உறிஞ்சத்தான் ஏலாது. ஸ்டார்ட்டர் சுத்துற வேகமோ நிமிசத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று. அந்த வேகத்தில ஒண்டும் நடக்காது.

கொஞ்சம் டீசல் வந்து சேர்ந்தாலும் காற்று விடாது. ஊசி போடுற சிரிஞ்சில தண்ணியை நிரப்பி, நுனியை விரலால பொத்தி அமத்திப் பாருங்கோ, அசையாது. காற்றை நிரப்பி அமத்தினா ஸ்பிரிங் மாதிரி உள்ள போகும். இன்றைய கொமன் ரெயில் எஞ்சின்கள் 2,000 பார் அளவு அழுத்தத்தில டீசலைப் பீச்சிறவை. காற்று இருந்தா அந்த அழுத்தம் ஏறாது. ரெயிலில போதிய அழுத்தம் வராட்டி ஈசியூ இன்ஜெக்டரைத் திறக்கவே மாட்டுது. சித்தப்பா செய்தது, எரர் என்ன எண்டு பாக்காமல் ரீட்ரை லூப்பில விட்ட வேலை.

இதில இரண்டு நட்டம். ஸ்டார்ட்டர் சூடேறிக் கருகும். ஒரு தரத்துக்கு 30 விநாடிக்கு மேல சுத்தாமல், இடையில 2 நிமிசம் ஆற விடவேணும். மற்றது, உயரழுத்த பம்புக்கு எண்ணெயும் கிரீஸும் டீசல்தான். வறண்டு சுத்தினா உலோகம் உரசி, அந்தத் துகள் நேரா இன்ஜெக்டருக்குப் போகும். அந்த பில்லை நான் இங்க எழுத விரும்பேல்லை.

அப்ப என்ன செய்யிறது? பில்டர் பூட்டியிருக்கிற இடத்தில கையால அமத்திற ஒரு சின்ன பம்ப் இருக்கும். பூட்டைக் கழட்டி அமத்துங்கோ. முதலில லேசா இருக்கும், போகப் போக இறுகும். இறுகினா டீசல் வந்திட்டுது. எங்களுக்கு 140 தரம் அமத்த வேண்டி வந்தது, மைனஸ் குளிரில. சில எஞ்சின்களில கைப் பம்ப் இல்லை, சாவியை ஒன் பண்ணினா மின்சார பம்ப் கொஞ்ச நேரம் ஓடி நிக்கும். ஸ்டார்ட் அடிக்காமல் நாலைஞ்சு தரம் ஒன், ஓஃப் பண்ணவேணும்.

பில்டருக்குள்ள டீசலை ஊத்திப் பூட்டினா என்ன எண்டு கேப்பியள். முதல் பில்டருக்குச் சரி, அடுத்த பில்டர் இருக்குதே. இரண்டாவதுக்கு நடு ஓட்டையால ஊத்தினா, வடிகட்டாத டீசல் நேரா சுத்தமான பக்கம் விழும். தலைமயிரின் தடிப்பு 70 மைக்ரோன் அளவு, இந்த பில்டர் பிடிக்கிறது சில மைக்ரோன் தூசியை. ஒரு துளி அழுக்கே காணும். அதை வெறுமையாப் பூட்டி பம்பால நிரப்புங்கோ.

ஊரில லொறி ஓடின மாமாமார், "இன்ஜெக்டர் நட்டை இளக்கிவிட்டு ஸ்டார்ட் அடி, காத்துப் போகும்" எண்டு சொல்லுவினம். அந்தக் காலத்து எஞ்சினுக்குச் சரியான வைத்தியம். கொமன் ரெயிலில அதைத் தொடவே வேண்டாம். அந்த அழுத்தத்தில பீச்சிற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும். காயம் ஊசி குத்தினமாதிரித்தான் தெரியும், ஆனால் உடனே எமேர்ஜென்சிக்கு ஓடவேண்டிய காயம்.

பக்கத்து ட்ரக்கில இருந்து கேபிள் போட்டு அடிச்சோம். இருமி, வெள்ளைப் புகை விட்டு, ஸ்டார்ட் ஆச்சு. சித்தப்பா என்னைக் கட்டிப்பிடிச்சார். நாலாவது நிமிசம் நிண்டிட்டுது.

கீழ ஒரு சொட்டு டீசலும் இல்லை. அதுதான் துப்பு. உறிஞ்சிற பக்கத்தில ஓட்டை இருந்தா டீசல் ஒழுகாது, காற்று உள்ள போகும். முதல் பில்டரைக் கழட்டிப் பாத்தால், பழைய ஓ-ரிங் மேல ஒட்டியிருக்க, அதுக்கு மேலேயே புதுசையும் போட்டிருக்கிறார். பழசைக் கிளப்பி எறிஞ்சு, திரும்ப முதலில இருந்து அமத்தினோம்.

4.20க்கு வெளிக்கிட்டார். நான் 9 மணி ஸ்டாண்ட்அப் மீட்டிங்குக்கு கமராவை ஓஃப் பண்ணி வைச்சிருந்தன்.