மொழிக்கு வழங்கும் பெயர்கள்

ஒரு மொழியைப் பேசுவோர் அதற்கு வழங்கும் பெயர் ஒன்று; அயலார் வழங்கும் பெயர் பிறிதொன்று. தமிழுக்கும் இவ்விருவகைப் பெயர்கள் உள. சிங்களவர் நம் மொழியைத் 'தெமள' என்பர். தெலுங்கர் 'அரவம்' என்பர். 1554இல் லிஸ்பனில் அச்சான நூல் அதனைத் 'தமுல்' எனக் குறித்தது. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலோ 'மலவார்', 'தமுல்' என்னும் இரு பெயர்களையும் ஒருங்கே சுட்டிற்று. மேலைக் கரையில் முதலில் வந்திறங்கிய ஐரோப்பியர் அந்நாட்டுப் பெயரையே மொழிக்கும் ஏற்றினர். அதனால் ஒல்லாந்தரும் தொடக்ககால ஆங்கிலேயரும் யாழ்ப்பாணத்துத் தமிழரையும் 'மலபார்' என்றே எழுதலாயினர்.

ஆபிரிக்காவிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் முசிலிகாசி என்னும் தலைவனோடு சூலு நாட்டினின்றும் வடக்கே பெயர்ந்த மக்களை, வழியிலிருந்த சோத்தோ மொழியினர் 'மத்தெபெலே' என்றனர். அயலார் இட்ட அப்பெயரை அம்மக்கள் தம் மொழி மரபிற்கேற்பத் திரித்துத் தமதாக்கினர். மக்களைக் குறிக்க 'அமா' என்னும் முன்னொட்டும், மொழியைக் குறிக்க 'இசி' என்னும் முன்னொட்டும் சேர, 'அமாண்டெபெலே', 'இசிண்டெபெலே' என்னும் சொற்கள் அமைந்தன. ஆங்கிலேயரோ 'மத்தபேலே' என்றே எழுதிவந்தனர். 2013ஆம் ஆண்டின் சிம்பாப்வே அரசியலமைப்பு, அம்மொழியை 'இண்டெபெலே' என்னும் பெயராலேயே ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது.

இனி நம் கஹவத்தையை நோக்குவாம். 'கஹ' என்பது மஞ்சளையும் 'வத்த' என்பது தோட்டத்தையும் குறிக்கும் சிங்களச் சொற்கள். 'வத்த' தமிழர் நாவில் ஐகார ஈறு பெற்று 'வத்தை' ஆயிற்று. இடப்பெயர் இவ்வாறு திரிதலால் எவர்க்கும் ஊறில்லை. மக்கட்பெயரோ அத்தகையதன்று. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, ஒரே மொழி பேசுவோரை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இருவேறாக வகுத்தது. இங்கேயே பிறந்தோரும் 'இந்தியர்' என்றே எண்ணப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.

'மலையகத் தமிழர்' என்பது அம்மக்களிடையே எழுந்து நிலைபெற்ற பெயர். வந்த நாட்டை விடுத்து, வாழும் நிலத்தைச் சுட்டுவதே அதன் சிறப்பு. கஹவத்தை போன்ற சபரகமுவத் தாழ்குன்றுகளில் வாழ்வோரையும் அது தழுவிநிற்கின்றது. பெயர் எங்குத் தோன்றிற்று என்பது வரலாற்றாசிரியர் ஆராய்ச்சி. எப்பெயரை ஏற்பது என்பது அதனைத் தாங்குவோர் உரிமை. இவ்வுண்மையை இண்டெபெலே மக்களின் வரலாறும் நம்மவர் வரலாறும் ஒருங்கே உணர்த்துகின்றன.