பேராயரும் சபையும்

கிறிஸ்தவத் திருச்சபையிலே ஒரு காரியத்தை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது? பேராயருக்கா, குருமாருக்கா, சபை மக்களுக்கா? கேட்பதற்கு இது ஆட்சிமுறை பற்றிய வினாவாகவே தோன்றும். விசுவாசிகளோ இதனை வேறு வகையாகக் கேட்கிறார்கள். பலர் கூடிப் பேசுமிடத்தில் கடவுளின் சித்தம் எவர் வாயிலாக வெளிப்படுகிறது என்பதே அவர்களுடைய வினா. சட்டமன்றத்தில் வாக்கிலே தோற்றவர் அடுத்த தேர்தலை எதிர்நோக்கியிருக்கலாம். திருச்சபையில் தோற்றவருக்கோ, தம் மனச்சாட்சியை என்ன செய்வது என்னும் இடர்ப்பாடு எழுகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலில் இதற்கு இரண்டு வழிகளைக் காண்கிறோம். யூதாசின் இடத்துக்கு ஒருவரை நியமிக்க வேண்டியபோது, இருவரை நிறுத்திச் சீட்டுப் போட்டனர். சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. உத்திரமேரூர்க் குடவோலையை அறிந்த நமக்கு இது புதுமையன்று. பின்னர், யூதரல்லாதார் சபையிற் சேர்வதற்கு விருத்தசேதனம் வேண்டுமா என்னும் வழக்கு எழுந்தது. எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடினர். வாதம் பலமாக நடந்தது. பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தனர், யாக்கோபு தம் தீர்மானத்தைச் சொன்னார். விருத்தசேதனம் வேண்டுவதில்லை என்று முடிவாயிற்று. அம்முடிவை அறிவித்த கடிதம் பரிசுத்த ஆவியையும் கூடியிருந்தோரையும் ஒருங்கே சேர்த்துச் சொல்கிறது. மத்தியாவுக்குப் பின் அந்நூலில் சீட்டுப் போட்ட செய்தியே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

பிற்காலத்தில் ஆங்கிலிக்கன் சபையார் பேராயர் பதவியைப் பேணினர். பிரஸ்பிட்டேரியன் சபையார் மூப்பர் மன்றங்களிடம் அதிகாரத்தை ஒப்படைத்தனர். சபையாட்சி மரபினரோ, ஒவ்வோர் ஊர்ச்சபையும் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும் என்றனர். இந்த மூன்று மரபுகளும் ஒருங்கே வந்து மோதிய இடம் நமது தென்னிந்தியா. ஐரோப்பாவில் எழுந்த பிணக்குகளை நம் நாட்டுக் கிராமத்துக் கிறிஸ்தவர் ஏன் சுமக்க வேண்டும் என்னும் கேள்வி இங்கே பிறந்தது.

பிரஸ்பிட்டேரியன் சபைகளும் சபையாட்சிச் சபைகளும் 1908-ஆம் ஆண்டிலேயே தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்துவிட்டன. 1919 மே மாதத்தில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். இருவர் நீங்கலாக ஏனையோர் இந்தியர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவும், ஐக்கிய சபையைச் சேர்ந்த வேதநாயகம் சந்தியாகுவும் அங்கே முன்னின்றனர். ஒன்றுபட்ட திருச்சபை வேண்டும் என்று அவர்கள் அறிக்கை விடுத்தனர். அது நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. இடையில் மெதடிஸ்ட் சபையாரும் பேச்சிற் கலந்துகொண்டனர்.

இத்தனை காலம் எதற்காக? பேராயர் இல்லாத சபைகளில் பட்டம் பெற்ற குருமாரின் ஊழியம் செல்லுமா என்பதே பெரிய முட்டுக்கட்டை. செல்லாது என்றால், அவர்கள் கையால் திருவிருந்து பெற்ற மக்களின் பக்தியே வெறுமை என்றாகும். செல்லும் என்றால், பேராயர் பதவியை உயிரெனக் கருதியவரின் விசுவாசம் புண்படும். இத்தகைய வழக்கை வாக்கெண்ணித் தீர்க்க முடியாது. கண்ட வழி இதுதான்: பேராயர் பதவியை எல்லாரும் ஏற்பர், ஆனால் அப்பதவிக்கு இன்னதுதான் பொருள் என்று எவரையும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். அந்நாளில் பணியிலிருந்த குருமார் மறுபட்டம் பெறாமலே ஏற்றுக்கொள்ளப்படுவர். இனி வருவோர் பேராயர் கையால் பட்டம் பெறுவர். இதனை மழுப்பல் என்று பழித்தவர் உண்டு. பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதிலே ஒரு துணிவும் இருந்தது என்பது என் கருத்து.

அசரியா 1945 ஜனவரி முதல் நாள் காலமானார். அம்மாதத்திலேயே ஆங்கிலிக்கன் சபையின் பொதுமன்றம் இணைப்புக்கு இசைந்தது. அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. சபையாட்சி மரபில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவரும் அவ்வாண்டிலேயே குலேந்திரன் என்னும் தமிழரைத் தங்கள் பேராயராகப் பெற்றனர்.

இத்திருச்சபையில் பேராயர் உண்டு. ஆனால் தனியாட்சி இல்லை. திருமண்டலப் பேரவையிலும் சினாட் மன்றத்திலும் குருமாரோடு பொதுமக்களும் அமர்ந்து வாக்களிக்கின்றனர். திருமண்டலம் சிலரைத் தேர்ந்து பெயர்ப்பட்டியல் அனுப்ப, சினாட் சார்பில் ஒருவர் பேராயராக நியமிக்கப்படுகிறார். ஏட்டில் இது அழகிய ஏற்பாடு. நடைமுறையில் தேர்தலுக்குரிய கட்சியும் பூசலும் உள்ளே புகுந்துவிட்டன. தேர்தல் வழக்குகள் நீதிமன்றப் படியும் ஏறியுள்ளன. எருசலேமில் வாதம் முடிந்தபின் கடிதம் எழுதினார்கள். இங்கே வாதம் முடிந்தபின் மனுத் தாக்கல் செய்கிறார்கள்.

ஆயினும் அவ்வொப்பந்தத்தில் ஓர் உறுதிமொழி உண்டு. இணைந்த எந்தச் சபையின் மேலும், அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியத்தையோ வழிபாட்டையோ தெரிந்தே திணிப்பதில்லை என்பது அது. பெரும்பான்மை தனக்குத்தானே இட்டுக்கொண்ட வேலி என்று அதனைச் சொல்லலாம். இணைப்புக்கே உடன்படாதவரும் இருந்தனர். தெலுங்கு நாட்டு நந்தியால் வட்டாரத்தில் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர் பலர் 1947-இல் சேர மறுத்து ஒதுங்கி நின்றனர். அவர்கள் தங்கள் பழைய மரபிலேயே வழிபட்டு வந்தனர். 1975-ஆம் ஆண்டில்தான் நந்தியால் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்தது.