சிரட்டைப் பாலும் ஈரச் சாலையும்

குலசேகரத்தில் பொழுது புலரும் முன்பே ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு தொடங்கிவிடும். பட்டையில் சாய்வாகக் கீறிய கோட்டின் வழியே வெள்ளைப் பால் சிரட்டையில் சொட்டும். அதை ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகையில் உலர்த்தினால் ஷீட். உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயருக்குத்தான் போகிறது.

அந்த டயரிடம் நாம் கேட்பவை ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. மழையில் வழுக்கக் கூடாது, எரிபொருளைத் தின்னக் கூடாது, சீக்கிரம் தேயவும் கூடாது.

உருளும்போது தரையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்கி நிமிர்கிறது. நசுங்கச் செலவான ஆற்றல் முழுதாகத் திரும்பாது. ஒரு பகுதி சூடாகிவிடும். ஓடி நின்ற காரின் டயரைத் தொட்டால் தெரியும். அந்தச் சூடு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல். ஆற்றலை விழுங்காத ரப்பரில் டயர் செய்துவிடலாமே என்றால், முடியாது. ஈரச் சாலையின் கல்முனைகளை ரப்பர் பற்றிக்கொள்ள அந்த விழுங்கும் குணமே பெரிதும் உதவுகிறது.

முடிச்சு அவிழ்ந்த விதம் எனக்கு எப்போதும் வியப்பு. 60 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் ஒவ்வொரு பகுதியும் நொடிக்குச் சுமார் 9 முறை நசுங்குகிறது. பிரேக் பிடித்துச் சறுக்கும்போதோ சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்கள் அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை உலுக்குகின்றன. மெதுவான நசுங்கலில் ஆற்றலைத் திருப்பித் தந்து, விரைவான உலுக்கலில் மட்டும் விழுங்கும் கலவை கிடைத்தால் போதும். டயரைக் கறுப்பாக்கும் கார்பன் கரியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மணலில் உள்ள சிலிக்காவைச் சேர்த்து, 1990களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் அப்படியொரு டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தேய்மானம்தான் இன்னும் தீரவில்லை. தேய்ந்த துகளை மழை ஆற்றில் சேர்க்கிறது. டயரின் ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு வினைபுரிந்து கோஹோ சால்மன் மீன்களைக் கொல்லும் நஞ்சாகிறது என்று 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பேட்டரிச் சுமையால் கனத்த மின்சாரக் கார்கள் டயரை இன்னும் தேய்க்கும். ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் புகைக்கு மட்டுமல்லாமல் டயர்த் தேய்மானத்துக்கும் வரம்பு வைக்கின்றன. நம் விதிகளிலும் அது வர வேண்டும்.

நம் கையில் இருப்பது டயரின் காற்றும் அதன் மேற்பரப்பில் வெட்டிய பள்ளமும். காற்று குறைந்தால் நசுங்கல் கூடும்; எரிபொருளும் டயரும் சேர்ந்தே வீணாகும். மொட்டை டயர் சற்று லேசாக உருளும்தான், ஆனால் தண்ணீரை வெளியேற்றப் பள்ளம் இருக்காது. குலசேகரம் இருக்கும் இந்த மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். பேச்சிப்பாறைச் சாலையில் ஏறும் முன் டயரைக் குனிந்து பாருங்கள், பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.