ஆடையிழந்த கனவும் பிறர் பார்வையும்

பலர் கூடியிருக்கும் பொது இடத்தில் ஆடையின்றியோ அரைகுறை ஆடையுடனோ தாம் நிற்பதாகக் காணும் கனவு, வெவ்வேறு நாட்டு மக்களும் திரும்பத் திரும்பக் கண்டுவரும் கனவுகளுள் ஒன்று. யாரோ துரத்துவது, உயரத்திலிருந்து விழுவது, படிக்காமல் தேர்வுக்குப் போய் உட்கார்வது, பல் உதிர்வது ஆகிய கனவுகளோடு இதனையும் சேர்த்து உளவியலாளர்கள் ‘பொதுவகைக் கனவுகள்’ என்று குறிப்பிடுகின்றனர். காண்பவர் யாராயினும் ஏறத்தாழ ஒரே வடிவில் தோன்றும் கனவுகள் என்பது இதன் பொருள். இக்கனவைக் கண்டு விழித்தவர்கள் அதனை வெளியே சொல்லக் கூசுவதால், தமக்கு மட்டுமே இப்படி நேர்கிறது என்றும், தம் மனத்தில் ஏதோ மாசு இருக்கிறது என்றும், வரப்போகும் அவமானத்தை அது முன்கூட்டியே அறிவிக்கிறது என்றும் எண்ணி உள்ளுக்குள் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் தேவையற்றது என்பதையும், அக்கனவில் உண்மையில் கவனிக்கத்தக்கது எது என்பதையும் கனவு பற்றிய ஆராய்ச்சியின் வழியே காணலாம்.

நிமித்தமாகப் பார்த்த மரபு

பழங்காலச் சமூகங்கள் கனவைப் பெரும்பாலும் நிமித்தமாகவே, அதாவது நடக்கவிருப்பதைக் காட்டும் குறியாகவே கொண்டன. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் ஐந்து பகுதிகளாகக் கனவு நூல் எழுதிய அர்த்தெமிதோரஸ், எதிர்காலத்தை அறியவே கனவுகளுக்குப் பொருள் கூறினார்; எனினும், ஒரே கனவு காண்பவரின் தொழில், செல்வநிலை, உடல்நலம் ஆகியவற்றுக்கு ஏற்ப வெவ்வேறு பொருள் தரும் என்று அவர் வலியுறுத்தியது இன்றும் மதிக்கத்தக்கது.

தமிழில் இக்கனவுக்குச் சிலப்பதிகாரம் சான்று தருகிறது. மதுரைப் புறஞ்சேரியில் மாடலன் என்னும் மறையோனைச் சந்திக்கும் கோவலன், தான் நள்ளிரவில் கண்ட தீக்கனவை அவனிடம் கூறுகிறான். கீழ்மகன் ஒருவனால், வேந்தனின் காவல் மிகுந்த நகரில், கண்ணகி நடுங்கித் துயருறும்படி தன் ஆடை பறிக்கப்பட்டதாகவும், தான் கொம்புள்ள விலங்கின் மேல் ஏறிச் சென்றதாகவும் கண்டதைச் சொல்லி, அது விரைவில் பலித்துவிடும் என்று அஞ்சுகிறான். காப்பியத்துக்குள் அக்கனவு பொற்கொல்லனின் சூழ்ச்சியையும் கோவலனின் கொலையையும் முன்னறிவிக்கும் நிமித்தமாகவே அமைந்திருக்கிறது. ஆயினும், முன்னோர் ஈட்டிய பெருஞ்செல்வத்தைத் தொலைத்து வறுமையுற்றதை எண்ணி நாணுவதாகப் புகாரிலேயே கண்ணகியிடம் சொன்னவன் அவன் என்பதை நினைத்துப் பார்த்தால், பகலில் அவனை உறுத்திக்கொண்டிருந்த நாணமே இரவில் ஆடையிழப்பாக உருவெடுத்தது என்று படிக்கவும் இடமிருக்கிறது. கனவை எதிர்காலத்தோடு இணைக்கும் பார்வைக்கும் காண்பவரின் நிகழ்கால மனநிலையோடு இணைக்கும் பார்வைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு கனவிலேயே காணலாம்.

ஃப்ராய்டு கவனித்த முரண்

இரண்டாவது பார்வையை விரிவாக வளர்த்தவர் வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டு. 1899இல் வெளிவந்து, முகப்பில் 1900 என்று ஆண்டு குறிக்கப்பட்ட ‘கனவுகளின் விளக்கம்’ என்னும் நூலில், ஆடையின்மைக் கனவுக்கு அவர் தனிப் பகுதியே ஒதுக்கினார். ஆடையில்லாமல் இருப்பது மட்டும் இக்கனவின் அடையாளமன்று; கடும் வெட்கமும், ஓடி ஒளிந்துகொள்ளும் விருப்பமும், அப்படிச் செய்ய முடியாமல் கால்கள் கட்டுண்டதுபோல் நின்றுவிடும் நிலையும் சேர்ந்து வந்தால்தான் அது அவ்வகைக் கனவாகும் என்று அவர் வரையறுத்தார். அவர் கவனித்த மற்றொன்று இன்னும் முக்கியமானது: கனவில் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் முகம் தெளிவில்லாத அந்நியர்கள், காண்பவர் வெட்கத்தால் துடிக்கும்போதும் அவர்கள் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆடையின்றி ஊர்வலம் போகும் பேரரசரைப் பற்றி டென்மார்க்கு எழுத்தாளர் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கதையையும் ஃப்ராய்டு இக்கனவோடு தொடர்புபடுத்தினார்.

ஆடையில்லாமல் ஓடியாடி மகிழ்ந்த குழந்தைப் பருவத்துக்குத் திரும்பும் ஆசையே இக்கனவின் வேர் என்பதும், வளர்ந்தபின் மனத்தில் பதிந்த தடையே வெட்கமாக வெளிப்படுகிறது என்பதும் ஃப்ராய்டின் விளக்கம். எல்லாக் கனவும் மறைந்த ஆசையின் நிறைவேற்றம் என்னும் அவருடைய அடிப்படைக் கொள்கையைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. உளவியலாளர் கார்ல் யுங்கின் கருத்துகளைப் பின்பற்றுவோர், ஒருவர் சமூகத்தின் முன் அணிந்துகொள்ளும் முகமூடி போன்ற ஆளுமையை யுங் ‘பர்சோனா’ என்று அழைத்ததை எடுத்துக்கொண்டு, பதவி, பட்டம், குடும்பப் பெருமை ஆகியவற்றாலான அந்த வெளித்தோற்றம் கழன்றுவிடுமோ என்னும் அச்சத்தை ஆடையிழப்பில் காண்கின்றனர்.

உறங்கும் மூளையில் நிகழ்வது

1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும், மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் ஓர் உறக்கநிலை உண்டு என்பதை வெளியிட்டனர். ‘விரைவு விழியசைவு உறக்கம்’ எனப்படும் இந்நிலை இரவில் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் வருகிறது. தெளிவான, கதைபோல் விரியும் கனவுகள் இதில்தான் மிகுதி. அப்போது உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்னும் பகுதி சுறுசுறுப்பாக இயங்க, சீர்தூக்கிப் பார்க்கும் திறனோடு தொடர்புடைய முன்மூளைப் புறணியின் சில பகுதிகள் அடங்கியிருப்பதை 1990களின் மூளைப் படப்பதிவு ஆய்வுகள் காட்டின. ஆடையில்லாமல் வீட்டைவிட்டு எப்படிக் கிளம்பினோம் என்னும் எளிய கேள்வி கனவில் எழாமல், வெட்கம் மட்டும் பெருகி நிற்பதற்கு இது ஒரு காரணமாகலாம். அதே உறக்கநிலையில், விழிகளையும் மூச்சுத் தசைகளையும் தவிர உடலின் பெரும்பாலான தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கின்றன. ஓட நினைத்தும் கால் எழாத அந்தத் தவிப்புக்கு இத்தளர்ச்சியும் பங்களிக்கக்கூடும் என்பது ஓர் ஊகம்.

விழிப்பு வாழ்வின் தொடர்ச்சி

இன்றைய ஆய்வாளர் பலரும் சார்ந்திருப்பது, அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹாலின் பெயரோடு இணைந்த ‘தொடர்ச்சிக் கொள்கை’. பகலில் மனத்தை ஆட்கொண்டிருக்கும் கவலைகளும் உறவுகளும் அக்கறைகளுமே கனவில் தொடர்கின்றன என்பது அதன் சாரம். புதிய வேலையில் சேர்வது, மேடையேறிப் பேசவேண்டியிருப்பது, கடன்சுமையையோ நோயையோ உறவினர் அறியாமல் மறைத்துவைப்பது, தகுதிக்கு மீறிய பொறுப்பு தம்மிடம் வந்துவிட்டதாக எண்ணுவது ஆகியவை எல்லாம், பிறர் கண்ணில் அம்பலப்பட்டுவிடுவோமோ என்னும் அச்சத்தை வளர்ப்பவை. அந்த அச்சத்தைக் காட்சியாக்குவதற்கு ஆடையிழப்பைவிட நேரான வடிவம் கிடைப்பது அரிது. எனவே இக்கனவின் மையம் உடலன்று, பிறர் பார்வையே. அதனைக் காம இச்சையின் வெளிப்பாடு என்று எண்ணி ஒருவர் தம்மையே வெறுக்க வேண்டியதில்லை.

ஃப்ராய்டு கண்ட அந்த அக்கறையற்ற கூட்டத்தின் முழுப் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பாடகர் ஒருவரின் படம் பொறித்த, அணியவே கூச்சம் தரும் சட்டையுடன் மாணவர்கள் சக மாணவர் நிறைந்த அறைக்குள் அனுப்பப்பட்டனர். அங்கிருந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அப்படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் கருதினர். உண்மையில் அதை அடையாளம் கண்டவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. தம்மைப் பிறர் உற்றுநோக்குவதை மிகைப்படுத்தி உணரும் இம்மனப்போக்கு ‘குவியொளி விளைவு’ எனப்படுகிறது. விழித்திருக்கும்போதும் மனிதர்கள், இல்லாத நீதிமன்றம் ஒன்றைத் தமக்கெனக் கூட்டிக்கொள்கின்றனர் என்றால், கனவில் குற்றம் சாட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் காண்பவரே என்பதில் வியப்பில்லை.

இக்கனவு எப்போதாவது வந்து போனால் அஞ்சவோ பரிகாரம் தேடவோ தேவையில்லை. அடிக்கடி வந்தால், கனவுப் பலன் கூறும் அட்டவணைகளைப் புரட்டுவதைவிட, தற்போது எதை மறைக்கப் போராடுகிறோம், யாருடைய மதிப்பீட்டுக்கு அஞ்சுகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்வது பயன் தரும். உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குத் துன்பம் மிகுந்தால், கொடுங்கனவின் போக்கை விழிப்பில் வேறுவிதமாக மாற்றி அமைத்து, மாற்றிய வடிவத்தை நாள்தோறும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் ‘கற்பனை ஒத்திகைச் சிகிச்சை’ என்னும் முறையை மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கையாளுகின்றனர். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மறைத்துவைத்த சுமையைச் சொல்லிவிடுவதும் பெரிய துணையாகும். பிறர் நம்மை எடைபோடுவதாக நாம் அஞ்சும் கடுமையைவிட, நாம் சொல்வதைக் கேட்கும்போது அவர்கள் காட்டும் பரிவு பல வேளைகளில் மிகுதியாகவே இருக்கிறது.